பாதை, துறை, பாலம்: மகாவலியை நம் முன்னோர் எங்கே, எப்படிக் கடந்தார்கள்?

கொட்டியாரத்து டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். சென்ற மாதம் ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளுக்கு மகாவலி கங்கையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, "பாதை என்றால் என்ன?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "ரோட்டு" என்றார்கள். இரண்டு பெரிய வள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பிணைத்து, மேலே பலகைத் தளம் அடித்து, பஸ்ஸையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றி அக்கரையில் கொண்டுபோய் விடும் அந்தப் பாதையை ஒரு பிள்ளையாவது சொல்லும் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. நான் உயர்தரம் படித்த காலத்தில் தரைவழியாகத் திருகோணமலைக்குப் போவதென்றால் பாதைக்குக் காத்திருப்பதற்கென்றே ஒரு மணித்தியாலத்தைத் தனியாக ஒதுக்கிவைத்துத்தான் வீட்டிலிருந்து கிளம்புவோம். அந்தச் சொல்லின் பொருள் பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் இப்படிக் கரைந்துபோகும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இதனால் பாடசாலையில் ஒரு சிறு கண்காட்சி வைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி நம் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது என்பது பாடநூலில் இருக்கிறது. ஆனால் அந்த நெடுந்தூரத்தில் மக்கள் அதை எங்கெங்கே, எதைக்கொண்டு கடந்தார்கள் என்பது பாடநூலில் இல்லை. பேராதனையில் ஆணியே இல்லாத மரப்பாலம் ஒன்று இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், அது உண்மையா? இந்தியாவிலும் வேறு நாடுகளிலும் பேராறுகளின் மேல் நூற்றாண்டுகள் கண்ட கற்பாலங்கள் இருக்க, இலங்கையின் மிக நீளமான ஆற்றின் மேல் அரசர் காலத்துப் பாலம் ஒன்றுகூட இல்லாமற் போனது ஏன்? கிண்ணியாப் பாலத்தையும் இதில் சேர்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

பழைய ஓவர்சியர் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். வீதி வேலைகளோடும் பால வேலைகளோடும் முப்பது வருடத்துக்கு மேல் அலைந்து, இப்போது உவர்மலையில் ஓய்வாக இருப்பவன் நான். உங்கள் கேள்விகளில் "ஏன் இல்லை" என்பதுதான் முதலில் பதில் சொல்லத் தக்கது. அதற்குச் சாட்சி சொல்ல உங்கள் ஊருக்கு வந்து அகப்பட்ட ஓர் ஆளே இருக்கிறார்.

1659-இல் புயலில் பாய்மரத்தை இழந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், அதைச் சரிசெய்துகொள்வதற்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து நங்கூரம் போட்டது. கப்பல் தலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் இன்னும் பலரும் 1660-இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டுக் கண்டி நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று காட்டப்படும் புளியமரத்தின் கதை இதுதான் என்பதை உங்கள் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள். மகன் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் மலைநாட்டில் இருந்து, 1679-இல் தப்பி, மல்வத்து ஓயாவின் கரை வழியாக அரிப்புக் கோட்டையை அடைந்து, இலண்டன் சேர்ந்து, 1681-இல் தான் கண்டதையெல்லாம் அச்சில் வெளியிட்டார்.

அதில் மகாவலியைப் பற்றி அவர் எழுதியிருக்கும் சில வரிகள், பாலம் கட்டுகிறவன் கண்ணால் பார்த்து எழுதியவை போலவே இருக்கும். ஆற்றின் அகலம் ஓர் அம்பு எய்யும் தூரம் இருக்கும் என்கிறார். பாறைகளும் வீழ்ச்சிகளும் நிறைந்திருப்பதால் கப்பல் போக்குவரத்துக்கு உதவாது என்கிறார். கடலை அண்டிய பகுதியில் முதலைகள் நிறைய உண்டு, மலைப் பகுதியில் ஒன்றுமில்லை என்கிறார். நல்ல வறட்சி இருந்தாலொழிய, ஊற்றுப் பக்கம் தவிர வேறெங்கும் இறங்கி நடந்து கடக்க முடியாது, சிறு தோணிகளில்தான் கடக்கிறார்கள் என்கிறார். பிறகு பாலம் இல்லாததற்குக் காரணம் சொல்கிறார். ஆறு மிக அகலமானது, மழைக்காலத்தில் வெள்ளம் மிக உயரமாக வருகிறது, ஆகவே கட்ட முடியாது. கட்ட முடிந்தாலும் அரசன் அனுமதிக்கமாட்டான், ஏனென்றால் தன் நாட்டுக்குள் பிறர் எளிதில் வந்து போவதை அவன் விரும்பவில்லை, வழி சிக்கலாகவே இருக்கட்டும் என்று நினைக்கிறான்.

இந்தக் கடைசிக் காரணத்தை நான் முழுமையாக நம்புகிறேன். வரைபடத்தை விரித்துப் பாருங்கள்: கண்டி நகரத்தை மகாவலி மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைத்துக்கொண்டு போகிறது. மனிதன் வெட்டாத அகழி அது. தன் கோட்டைக்கு இயற்கை வெட்டிக் கொடுத்த அகழியின் மேல் எந்த அரசனாவது தானே பாலம் போட்டுக் கொடுப்பானா?

அந்த அகழியை முதலில் நிரந்தரமாகக் கடந்தவர்கள், 1815-இல் கண்டியைப் பிடித்து அதற்குக் கொழும்பிலிருந்து வீதி அமைத்த ஆங்கிலேயர்கள். நீங்கள் கேள்விப்பட்ட பேராதனைப் பாலம் உண்மைதான். லெப்டினன்ற் கேணல் ஜோன் பிரேசர் என்பவரின் திட்டத்தில் 1833-இல் முடிக்கப்பட்டது. ஒரே வளைவு, அதன் நீளம் 205 அடி, முழுவதும் முதிரை மரம். ஆணியோ இரும்புப் பூட்டாணியோ வைக்காமல், மரத்தை மரத்தில் கொளுவிப் பொருத்தியிருந்தார்கள். ஆற்றின் நடுவில் ஒரு தூண்கூட இல்லை. அதை ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, வெள்ளம் கொண்டுவரும் அடிமரங்களைப் பற்றிச் சொல்லுங்கள். நடுவில் தூண் நின்றால், வேரோடு பிடுங்கி வரும் மரங்கள் அதில் சிக்கி, அதன் மேல் குப்பையும் கொடியும் படிந்து, தூண் பாலத்தைத் தாங்குவது போய்த் தண்ணீரைத் தடுக்கும் அணையாகிவிடும். அப்புறம் தண்ணீர் தூணின் அடிமண்ணைக் குடைந்து எடுக்கும். வெள்ளம் உயர்ந்து வரும் ஆற்றை ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடுவது என்ற முடிவு அழகுக்காக எடுத்ததல்ல.

முதிரை நம் பக்கத்துக் காடுகளிலும் வளரும் மரம் என்பதால் இந்தப் பாலத்தின் மேல் எனக்கு ஒரு தனிப் பற்று உண்டு. முதிரையில் ஆணி அடிக்கப் பார்த்த எந்தத் தச்சரையும் கேளுங்கள். ஆணி வளையும், மரம் விட்டுக்கொடுக்காது. எழுபது ஆண்டுக்கு மேல் மாட்டு வண்டிகளையும் கோப்பி மூட்டைகளையும் சுமந்த அந்தப் பாலத்தை 1905-இல் அகற்றி, அவ்விடத்தில் இரும்புப் பாலம் போட்டார்கள்.

மூதூர்த் துறையடி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஓவர்சியர் ஐயா மலை நாட்டைப் பார்த்துக்கொண்டார். நான் கீழ் நாட்டைச் சொல்கிறேன். என் வாப்பா கங்கைப் பாதையில் வேலை செய்தவர். ஆகவே டீச்சர் சொன்ன அந்தச் சொல் எங்கள் வீட்டில் இன்னும் சாகவில்லை.

முதலில் கிண்ணியாப் பாலத்தைப் பற்றி. 396 மீற்றர் நீளமுள்ள அந்தப் பாலம் 2009 ஒக்டோபரில் சவூதி அரேபியாவின் உதவியுடன் திறக்கப்பட்டது, நாட்டிலேயே மிக நீளமான பாலம் என்ற பெயரும் பெற்றது. ஆனால் அது கடக்கும் நீர், தம்பலகாமக் களப்பு கொட்டியாரக் குடாவோடு சேருகிற வாய், மகாவலியல்ல. மகாவலியின் மேல் நிற்பது அதற்குத் தெற்கே இருக்கும் கங்கைப் பாலம். எங்கள் ஊரார் "கங்கை" என்று சொன்னால் அது ஆறாகவும் இருக்கலாம், அந்த ஆற்றங்கரை இடமாகவும் இருக்கலாம். இந்தக் குழப்பம் வெளியூராருக்கு மட்டும்தான். இருந்தாலும் உங்கள் கண்காட்சியில் கிண்ணியாப் பாலத்தை ஒரு மூலையில் வையுங்கள், டீச்சர். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகப் போகிற வீதியில் அந்த ஒரு பாலத்தை மட்டும் போட்டுவிட்டு மற்றவற்றைப் போடாமல் விட்டிருந்தால் பயணம் அடுத்த துறையில் நின்றுபோயிருக்கும். 2011-இல் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல், காயான்கேணிப் பாலங்கள் திறந்த பிறகுதான் பஸ் ஓரிடத்திலும் தண்ணீரில் ஏறாமல் மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரைக்கும் மூதூரார் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போவதென்றால் லோஞ்ச் என்கிற இயந்திரப் படகுதான். கொட்டியாரக் குடாவை நேரே குறுக்கறுத்துப் போவோம். தரைவழி என்பது பொருட்களும் மாடும் இருக்கிறவர்களுக்கு.

வெருகல் ஆற்றையும் மறந்துவிட வேண்டாம். அது வேறொரு ஆறு என்று பலர் நினைக்கிறார்கள்; மகாவலியிலிருந்து பிரிந்து போகிற கிளைதான் அது. சித்திரவேலாயுத சுவாமி கோயில் அதன் கரையில்தான் இருக்கிறது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற அடியார்கள் இன்றும் அவ்வழியாகத்தான் போகிறார்கள். அந்த யாத்திரையில் நடந்த முதியவர்கள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், பாலத்துக்கு முன் ஆற்றை எப்படிக் கடந்தார்கள் என்று பிள்ளைகளை அனுப்பிக் கேளுங்கள். நான் எழுதுவதைவிட அவர்கள் சொல்வது நன்றாக இருக்கும்.

பாதை எப்படி ஓடியது என்று சொல்கிறேன். இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓர் இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். வாப்பாவின் கையில் ஒரு சாண் நீளத்தில் ஒரு கட்டை. அதன் நடுவில் ஒரு வெட்டு. அந்த வெட்டைக் கம்பியில் கொளுவி, கட்டையைச் சற்றுத் திருப்பினால் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு பாதையின் தலைப்பில் இருந்து வால்ப்பக்கமாகக் காலை உதைந்து உதைந்து நடக்க, அவர் நடக்கிற தூரத்துக்குப் பாதை முன்னே போகும். கடைசிக்கு வந்ததும் கட்டையைக் கழற்றித் திரும்ப ஓடிவந்து தலைப்பில் கொளுவ வேண்டும். மூன்று நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக இப்படி நடந்துகொண்டே இருப்பார்கள். ஆற்றைக் கடப்பதற்கு ஆட்கள் பாதையின் மேலேயே நடந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஆற்றின் அகலத்தைப் போலப் பல மடங்கு வரும். வாப்பாவின் வலது உள்ளங்கையில் கட்டை பிடித்த இடத்தில் தோல் காய்த்து, கறுத்து, செருப்புத் தோல் மாதிரி இருந்தது. சோறு பிசையும்போது சூடே தெரியாது என்று சிரிப்பார்.

பஸ் ஏறுவதற்கு முன் ஆட்களையெல்லாம் இறக்கிவிடுவார்கள். பஸ் மெதுவாக இறங்கிப் பலகையில் ஏறியதும் பாதை ஒரு பக்கம் தாழ்ந்து எழும்பும். அதற்குப் பிறகுதான் ஆட்கள் ஏறலாம். என் மூத்த ராத்தாவின் கலியாணத்துக்குத் திருகோணமலையில் வாங்கிய கண்ணாடி அலுமாரி, அக்கரையில் பாதை முட்டிய முட்டில் கண்ணாடி உடைந்து ஊருக்கு வந்தது. முட்டியது வேறு ஒருவருமல்ல, வாப்பாவின் செற்றுத்தான். ஆகவே யாரோடும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அடித்து, ராத்தா இன்றைக்கும் அந்த அலுமாரியைத்தான் பாவிக்கிறார்.

மாரியில் ஆறு பெருகினால் பாதை ஓடாது. ஆற்றுவாழை தீவு தீவாக மிதந்து வந்து கம்பியில் தொங்கும். அதை வெட்டி விடாவிட்டால் கம்பி அறும். ஐயா பேராதனைத் தூணைப் பற்றிச் சொன்னது இங்கே கம்பிக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "பாதை" என்ற சொல் எல்லா இடத்திலும் மறைந்துவிடவில்லை. கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லுவார்கள். பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23-ஆம் திகதி காலை, அங்கே மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. அது மகாவலியில் நடந்ததல்ல. ஆனால் பாதையை வெறும் இனிய பழங்கதையாக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அக்பர் பாலத்தடி எழுதியது:

நல்லதொரு திரி. நான் திருகோணமலைப் பட்டினத்தைச் சேர்ந்தவன். பேராதனையில் பொறியியல் படித்தவன். பொறியியல் பீடம் மகாவலியின் ஒரு கரையிலும் மற்றப் பீடங்கள் எதிர்க் கரையிலும் இருப்பதால், அக்பர் பாலத்தை நாளுக்கு இரண்டு தடவையாவது கடந்துதான் நான்கு ஆண்டும் போயின. அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கள் ஊர்க் குடாவுக்குத்தான் போகிறது என்று வீட்டு நினைவு வந்த நாட்களில் பாலத்தில் நின்று பார்த்ததுண்டு. பொல்கொல்லை, விக்டோரியா அணைகள் இடையில் மறித்துக்கொண்டிருப்பதால் அந்தத் தண்ணீரில் எவ்வளவு கொட்டியாரம் வரை வந்து சேரும் என்று விரிவுரையாளர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியதும் அந்த நினைவு பாதியாகிவிட்டது. அது வேறு கதை.

ஓவர்சியர் ஐயா சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் நான் வேறுபடுகிறேன். அரசன் அனுமதிக்கவில்லை என்பதை அவர் முன்னிறுத்துகிறார். ஆனால் நொக்ஸ் முதலில் சொன்ன காரணம் ஆறு, இரண்டாவதாகச் சொன்னதுதான் அரசன். அக்காலத்தில் மரப்பாலம் கட்டும் கைவினை மலைநாட்டில் இல்லாமல் இல்லை. பதுளைக்கு அருகே போகொடையில் ஓட்டுக் கூரை வேய்ந்த மரப்பாலம் இன்றும் நிற்கிறது. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அது கடக்கும் ஓடையும் மகாவலிக்குப் போய்ச் சேருகிற நீர்தான். அதன் நீளம் ஏறக்குறைய 15 மீற்றர். பிரேசரின் வளைவோ அறுபது மீற்றரைத் தாண்டியது. ஓடையின் மேல் கட்டத் தெரிந்தவர்கள் பேராற்றின் மேல் கட்டாமல் விட்டதற்கு நீளமே போதிய காரணம். இரண்டு கரைக்கும் எட்டுகிற ஒற்றை மரம் எந்தக் காட்டிலும் இல்லை. துண்டுகளை இணைத்துச் சுமையைக் கரைகளுக்குத் தள்ளிவிடும் பெரிய வளைவு வேண்டும்.

ஆனால் அரசர்கள் ஆற்றை ஆயுதமாகப் பாவித்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு நொக்ஸைவிட வலிய சாட்சிகள் உண்டு. 1638 மார்ச் 28-ஆம் திகதி இதே இரண்டாம் இராசசிங்கன், கண்டியிலிருந்து பின்வாங்கிய போர்த்துக்கேயப் படையைப் பேராதனைக்கு எதிர்ப்புறமுள்ள கன்னொறுவையில் வளைத்து அழித்தான். அதன்பின் இருபது ஆண்டு கழித்து நொக்ஸ் வந்தபோது, வழி சிக்கலாகவே இருக்கட்டும் என்று அரசன் நினைத்ததில் வியப்பென்ன?

அதைவிடத் திருகோணமலையோடு நேரடித் தொடர்புள்ளது 1803-ஆம் ஆண்டுச் சம்பவம். கண்டியில் அகப்பட்டுக்கொண்ட மேஜர் டேவியின் ஆங்கிலப் படை, ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போகலாம் என்ற உடன்பாட்டின் பேரில் ஜூன் மாதக் கடைசியில் நகரத்தை விட்டு வெளியேறியது. போன தூரம் சில மைல்தான். வட்டப்புளுவைத் துறையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது, தோணி இல்லை, தெப்பம் கட்டிப் பார்த்தும் சரிவரவில்லை. அவர்களோடு இருந்தவர், ஆங்கிலேயர் கண்டிச் சிங்காசனத்தில் ஏற்றிய நாயக்க வமிசத்து முத்துசாமி. அவரை ஒப்படைத்தால் ஆற்றைக் கடக்க உதவுவோம் என்று அரசன் பக்கத்தார் கேட்டார்கள். டேவி ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார், உதவி வரவில்லை, படையும் அங்கேயே வெட்டிச் சாய்க்கப்பட்டது. படுகாயத்தோடு ஆற்றைக் கடந்து தப்பிய பார்ன்ஸ்லி என்ற கோப்ரல்தான் மாத்தளைப் பக்கத்துக் கோட்டைக்குச் செய்தியைக் கொண்டுபோனார். அந்தக் கோட்டையில் இருந்தவர்கள் உடனே கிளம்பித் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு கப்டன் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் படை நடத்திப் போய், மற்றப் படைப்பிரிவுகள் ஒன்றும் வராததைக் கண்டு, மறுபடி ஆற்றைக் கடந்து திருகோணமலைக்குத் திரும்பினார். ஒரு பாலமோ நான்கு தோணியோ இருந்திருந்தால் 1803-இன் கதை வேறாகியிருக்கும். முத்துசாமியைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாருமே சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. அந்த இரண்டு தரப்புக்கும் இடையில் அவர் வெறும் பண்டமாற்றுப் பொருளாகிப் போனார்.

டீச்சருக்கு இன்னொரு குறிப்பு. திருகோணமலையிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு வருகிற பஸ், நகரத்துக்குச் சற்று முன்னால் ஒரு பாலத்தைக் கடக்கும். அதுதான் கட்டுகஸ்தொட்டை. அப்பெயரின் பின்பாதியைத் "தோட்டம்" என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். சிங்களத்தில் "தொட்ட" என்றால் துறை. பாளியில் தித்த, வடமொழியில் தீர்த்த, சிங்களத்தில் தொட்ட. எல்லாம் ஒரே சொல்லின் வழி. இந்தத் திறவுகோலை வைத்துக்கொண்டு மகாவலியின் வரைபடத்தைப் பார்த்தால் பழைய கடவைகள் தாமே தலைகாட்டும்: கட்டுகஸ்தொட்டை, மகியங்கனைக்கு அருகே வெரகன்தொட்டை, பொலன்னறுவைப் பக்கம் மகன்தொட்டை, தாஸ்தொட்டை. மகன்தொட்டைதான் மகாவம்சத்தில் படைக் காவல் வைக்கப்பட்ட துறையாக வருகிற கச்சக தீர்த்தம் என்பர். தாஸ்தொட்டை என்பது சகஸ்ஸ தித்த, அதாவது ஆயிரம் துறை. 13-ஆம் நூற்றாண்டில் தம்பதெனிய அரசர் காலத்தில் பிக்குகள் முழுத் துறவு ஏற்கும் உபசம்பதைச் சடங்கு அங்கே பெரிதாக நடத்தப்பட்டிருக்கிறது. பாலம் போன இடங்களிலும் பெயர் துறையாகவே நிற்கிறது. கட்டுகஸ்தொட்டையில் மாத்தளை ரயில்பாதை 1880-இல் ஆற்றைக் கடந்த பிறகும் ஒருவரும் பெயரை மாற்றவில்லை.

கொட்டியாரத்து டீச்சர் எழுதியது:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. துறையடி அண்ணன் சொன்ன கட்டையைப் போல ஒன்றைச் செய்து, வகுப்பறைக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, பிள்ளைகளை மேசையோடு சேர்த்து இழுக்க வைக்கலாம் என்று நினைக்கிறேன். முத்துசாமியைப் பற்றியும் ஒரு பலகை எழுதுவேன். அக்பர் பாலத்தடித் தம்பி "நீளமே போதிய காரணம்" என்று எழுதியதை ஓவர்சியர் ஐயா ஏற்றுக்கொள்கிறாரா என்று அறிய ஆவல். மன்னம்பிட்டிப் பாலத்தை யாரும் சொல்லவில்லையே. நாங்கள் சிறுவயதில் மட்டக்களப்புக்கு ரயிலில் போனபோது அந்தப் பாலத்தில் ரயிலுக்குப் பின்னால் லொறிகள் வரிசையாக வந்தது நினைவிருக்கிறது. அது கனவா, உண்மையா?

பழைய ஓவர்சியர் எழுதியது:

கனவல்ல, டீச்சர். மன்னம்பிட்டியில் 1920-களில் மட்டக்களப்பு ரயில்பாதைக்காகப் போட்ட இரும்புப் பாலத்தில்தான் ரயிலும் வாகனமும் ஒரே தளத்தில் போய்வந்தன. 1928-இல் ரயில் மட்டக்களப்பை எட்டியது. ரயில் வரும் நேரத்தில் இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிடுவார்கள். ரயில் போன பிறகு வாகனங்கள் தண்டவாளத்தின் மேலேயே ஊர்ந்து போகும். மழையில் நனைந்த தண்டவாளத்தில் லொறியின் சில்லு வழுக்கும்போது சாரதிகள் சொல்லும் சொற்களை இங்கே எழுத முடியாது. ஏறக்குறைய முந்நூறு மீற்றர் நீளத்துக்குத் தூண்களை ஆற்றுக்குள்ளேயே இறக்கிக் கட்டினார்கள். அந்த இடத்தில் மகாவலி சமவெளியில் விரிந்து கிடப்பதால் பேராதனை மாதிரி ஒரே பாய்ச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2007-இல் ஜப்பானிய உதவியோடு வாகனங்களுக்குத் தனிப்பாலம் வந்த பிறகு பழைய பாலம் ரயிலுக்கு மட்டுமாயிற்று. திருகோணமலை ரயில் மகாவலியைத் தொடுவதே இல்லை என்பதால் நம்மில் பலருக்கு அந்தப் பாலம் அறிமுகமில்லை.

தம்பியின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன், பாதியளவு. நீளம் தடை என்பது சரி. ஆனால் தோணிகளைப் பிணைத்து மிதவைப் பாலம் போடுவதற்கு நீள மரம் வேண்டியதில்லை. அதையும் அவர்கள் செய்யவில்லை. அந்த இடத்தில் அரசனின் எண்ணம்தான் வேலை செய்தது என்று இன்னமும் சொல்வேன்.

மூதூர்த் துறையடி எழுதியது:

ஐயா, மாரி வெள்ளத்தில் மிதவைப் பாலம் எத்தனை நாள் நிற்கும் என்று வாப்பா இருந்தால் கேட்டுச் சொல்லியிருப்பேன். அவர் ஒரு கம்பியைக் காப்பாற்றுவதற்கே இராத்திரி முழுக்க ஆற்றுவாழை வெட்டிக்கொண்டு நிற்பார்.

டீச்சர், பிள்ளைகளைக் கங்கைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் புரட்டாதிக்குள் வாருங்கள். அதற்குப் பிறகு மழை தொடங்கிவிட்டால் கரை சேறாகிவிடும். பாலத்தில் நின்று பார்த்தால் போதும், பழைய பாதை இறங்கிய இடத்தை நான் வந்து காட்டுகிறேன். பலகையில் வெட்டுப் போட்ட கட்டை ஒன்று எங்கள் வீட்டில் கதவுக்கு அண்டை கொடுக்கக் கிடக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன். கால் கழுவுவதற்கென்று ஒரு பிள்ளையையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். அந்த வெள்ளைக்காரர் கடலை அண்டிய பக்கத்தில் முதலை உண்டு என்று எழுதியது இன்றைக்கும் சரி.